சிவப்பைக் காணாத தாள்

பழைய ஸ்டூடியோக்களின் இருட்டறையில் சிவப்பு பல்பு ஒன்று எரியும். தமிழ் சினிமா அதைக் கொலைக்கும் மர்மத்துக்கும் எடுத்தாண்டு அந்த வெளிச்சத்துக்கே ஒரு திகிலை ஏற்றிவைத்துவிட்டது. பல்பு அங்கே எரிவதற்கான காரணம் எளிமையானது. பிரிண்ட் போடும் புரோமைடு தாளுக்குச் சிவப்பு தெரியாது. வெள்ளி உப்பு பூசிய தாள் நீல வெளிச்சத்தை உடனே வாங்கிக்கொள்ளும்; சிவப்பு அதற்கு இருட்டு. அதனால்தான் அந்த வெளிச்சத்தில் ஸ்டூடியோக்காரர் நிதானமாகத் தாளை வெட்டினார், கரைசலில் அலசினார், முகம் எழுந்து வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒரு காலம் வரை கேமராவுக்குள் இருந்த தகட்டுக்கும் ஃபிலிமுக்கும் இதே நிலைதான். 1873இல் ஹெர்மன் ஃபோகல் என்ற ஜெர்மானியர், சாயம் சேர்த்தால் தகடு பச்சையையும் உணரும் என்று கண்டறிந்தார். எல்லா நிறத்தையும் ஓரளவு உணரும் பான்குரோமாட்டிக் தகடு கடைக்கு வந்தது 1906இல். அதற்கு முந்தைய அறுபது எழுபது ஆண்டுகளின் படங்களில், அதற்குப் பிறகும் மலிவான பழைய வகை ஃபிலிமில் எடுத்த படங்களில், சிவப்பு கறுப்பாகவே விழுந்தது. நீலம் வெளுத்துத் தாளின் வெண்மையோடு கலந்தது.

இதைப் புகைப்பட வரலாற்றின் ஒரு சிறு தகவலாகக் கடந்துவிடலாம். கந்தர்வக்கோட்டையில் நின்று யோசிக்கும்போது அப்படிக் கடக்க முடியவில்லை.

தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவில் இருக்கும் ஊர். தஞ்சையின் நெல்வயல் முடிந்து புதுக்கோட்டையின் வானம் பார்த்த பூமி தொடங்கும் இடம். மண் சிவப்பு. மழை பெய்த மறுநாள் சாலையோரப் பள்ளங்களில் தண்ணீரும் சிவப்பு. முந்திரிக் காடு, தைல மரக் காடு, இடையிடையே செம்புரைக்கல் தெரியும் மேட்டு நிலம். தொகுதி சீரமைப்புக்குப் பிறகு 2011 முதல் தனித்தொகுதி. 2021 தேர்தலில் மார்க்சிஸ்ட் கட்சி வென்றது. கிழக்கே தஞ்சை மாவட்டத்தின் செங்கொடி வரலாறு. எல்லாத் திசையிலும் திராவிடக் கட்சிகளின் கறுப்பும் சிவப்பும். சேரிகளின் முகப்பில் நீலம். ஊர் ஊருக்குச் சாலை திரும்பும் இடத்தில் கொடிக்கம்பங்கள் வரிசையாக நிற்கின்றன. 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, பொது இடங்களிலுள்ள கட்சிக் கொடிக்கம்பங்களை அகற்றச் சொல்லி உத்தரவிட்டபோது, இந்த வட்டாரத்தில் அதைப் போக்குவரத்துப் பிரச்சினையாக மட்டும் யாரும் பேசவில்லை. எந்தக் கம்பம் எந்தத் தெருவில் எந்த ஆண்டு நடப்பட்டது, நடும்போது யார் தடுத்தார்கள் என்பதெல்லாம் ஊருக்கு மனப்பாடம்.

இந்த வரிசையைச் சிவப்பை உணராத ஒரு ஃபிலிமில் எடுத்தால் என்ன ஆகும்? மார்க்சிஸ்ட் கொடி கறுப்பாகிவிடும். கறுப்பும் சிவப்பும் கொண்ட திமுக கொடி முழுக்கக் கறுப்பு. திராவிடர் கழகக் கொடியின் நடுவில் இருக்கும் சிவப்பு வட்டம் சுற்றியுள்ள கறுப்புக்குள் மூழ்கும். பெரியாரின் பிள்ளைகளும் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவின் தோழர்களும் ஏறக்குறைய ஒரே கொடியைப் பிடித்திருப்பார்கள். நீலக் கொடி, 1942இல் அம்பேத்கர் தொடங்கிய ஷெட்யூல்டு காஸ்ட்ஸ் ஃபெடரேஷன் காலத்திலிருந்து வருகிற அந்த நீலம், கம்பத்தின் உச்சியில் ஒரு வெள்ளைத் துணியாகத் தெரியும். பின்னால் வானமும் வெளுத்திருப்பதால் துணியின் ஓரம்கூடத் தட்டுப்படாமல் போகலாம்.

ஒரு வேதிப்பொருளின் வரம்பு இது. ஆனாலும் என்னால் இதை வேதியியலாக மட்டும் படிக்க முடியவில்லை. தமிழ்நாட்டின் அரசியல் வரலாறு எழுதப்பட்ட விதமும் ஏறக்குறைய இந்த ஃபிலிமின் விதம்தான். கறுப்பும் சிவப்பும் அழுத்தமாகப் பதிந்தன. நீலம் வெகுகாலம் தாளின் நிறத்திலேயே இருந்தது.

சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைனுக்குச் சிவப்பு கறுப்பாகும் இந்தச் சிக்கல் நேரடியாக வந்தது. 'போர்க்கப்பல் பொட்டெம்கின்' 1925இல் எடுக்கப்பட்டது. கலகம் செய்த மாலுமிகள் கப்பலில் செங்கொடி ஏற்ற வேண்டும். சிவப்புத் துணியைக் கட்டிப் படமெடுத்தால் திரையில் கறுப்புக் கொடி பறக்கும். அதனால் வெள்ளைக் கொடியைப் பறக்கவிட்டுப் படமெடுத்தார்கள். பிறகு பிரிண்டில் கொடி வரும் ஒவ்வொரு சட்டகத்திலும் கையால் சிவப்பு தீட்டினார்கள். உலக சினிமாவின் மிகப் புகழ்பெற்ற செங்கொடி, படப்பிடிப்பு நாளில் சமாதானக் கொடியின் நிறத்தில் இருந்திருக்கிறது. இதில் ஏமாற்று எதுவும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஃபிலிம் எதைப் பார்க்க மறுக்கிறது என்று தெரிந்தவர்கள், அந்த மறுப்பைச் சுற்றி வேலை செய்து தங்களுக்கு வேண்டிய சின்னத்தை எடுத்தார்கள். கறுப்பு வெள்ளையில் பரிசோதனை என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால் நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

நம் பக்கத்துக்கும் ஒரு முன்னோடி உண்டு. அவர் நமக்காக வேலை செய்தவர் இல்லை. லின்னேயஸ் டிரைப் என்ற கேப்டன், கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவ அதிகாரி. 1856இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். வடக்கே பெரும் கலகம் நடந்துகொண்டிருந்த 1857இன் கடைசியில் பெரிய கேமராவோடு தெற்கே கிளம்பினார். திருவரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை, திருவையாறு. 1858இல் அந்தப் படங்கள் தனித்தனித் தொகுதிகளாக வந்தன. அவற்றில் ஒன்று புதுக்கோட்டைக்கே உரியது. தஞ்சைக்கும் திருவையாற்றுக்கும் சேர்த்து இன்னொன்று. இரண்டு தொகுதிகளுக்கும் நடுவில் விழுந்த ஊர் கந்தர்வக்கோட்டை.

டிரைப் பயன்படுத்தியது மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவ். அது நீலத்தை மட்டும் உணர்வது. நெகட்டிவில் வானம் அளவுக்கு மீறிப் பதிந்து, பிரிண்டில் வெறும் வெள்ளையாக வந்தது. கோபுரத்துக்கு மேல் ஒன்றுமில்லாத வெள்ளை அவருக்குப் பிடிக்கவில்லை. நெகட்டிவின் மேல் நிறமியைத் தீட்டி மேகங்களை உண்டாக்கினார். மரங்களின் இலைகளுக்கும் அப்படியே வெளிச்சம் கூட்டினார். தமிழ்நாட்டின் மிகப் பழைய புகைப்படங்கள் சிலவற்றில் நாம் பார்க்கிற மேகம், அன்று வானத்தில் இருந்த மேகம் அல்ல. ஒரு கம்பெனி அதிகாரியின் தூரிகை. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை அவர் 21 படங்களாக எடுத்து, ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளச் சுருளாக ஆக்கியதும் இந்தப் பயணத்தில்தான். அக்காலத்தில் யாரும் செய்து பார்த்திராத துணிச்சல் அது. அதை மெச்சாமல் இருக்க முடியாது.

ஆனால் அந்தப் படங்களில் ஆட்கள் எங்கே? லென்ஸ் நீண்ட நேரம் திறந்திருக்க வேண்டும். அதற்குள் நடந்து போனவர்கள் தாளில் பதியவில்லை. கோயில் வீதி, அரண்மனை, தெப்பக்குளம் எல்லாம் ஆளில்லாமல் நிற்கின்றன. செம்மண் தரை கருத்துக் கிடக்கிறது, ஏனென்றால் காகிதத்துக்குச் சிவப்பு தெரியாது. அங்கே நின்ற ஓரிருவரின் மாநிறம் நிஜத்தைவிட இருண்டிருக்கிறது, அதற்கும் காரணம் அதுவே. புதுக்கோட்டைத் தொண்டைமான்கள் கம்பெனிக்கு வேண்டியவர்கள். 1799இல் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்த சமஸ்தானம். வடக்கே துப்பாக்கிச் சத்தம் ஓயாத மாதங்களில், தெற்கே அமைதியாக நிற்கும் கட்டடங்களின் படங்கள் லண்டனுக்கும் சென்னைக்கும் போயின. ஒரு நாடு ஆளில்லாமல், அழகாக, அளந்து எடுத்துக்கொள்ளத் தக்கதாகத் தெரிந்தது. டிரைப் அப்படி நினைத்து எடுத்தார் என்று நான் சொல்லவில்லை. அவர் நினைக்காமலேயே அவருடைய காகிதம் அதைச் செய்தது. பிறகு ஆளுநராக வந்த டிரெவெலியன், இந்தச் செலவு அரசுக்குக் கட்டாது, இது ஆடம்பரம் என்று திட்டத்தை நிறுத்திவிட்டார்.

அடுத்த நூறு ஆண்டுகளில் கேமரா ஊர் ஊராக இறங்கியது. மணமகள் முகத்தை வெளுப்பாக்க நெகட்டிவின் மேல் பென்சிலால் தீட்டும் தொழில் ஒவ்வொரு ஸ்டூடியோவிலும் வளர்ந்தது. கறுத்த தோலை மேலும் கறுப்பாக்கிய ஃபிலிமை அந்தப் பென்சில் தன் வழியில் எதிர்த்தது என்று சொல்லலாம். சாதியும் கல்யாணச் சந்தையும் கேட்ட வெளுப்பை அது கொடுத்தது என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை. ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலை 1967இல் உற்பத்தியைத் தொடங்கியபின் 'இந்து' என்ற பெயரில் நம் மண்ணிலேயே கறுப்பு வெள்ளை ஃபிலிம் கிடைத்தது. 1996இல் நலிந்த ஆலை என்று அறிவிக்கப்பட்டு மெல்லச் செத்தது. அதன் வரலாற்றைத் தனியாக ஒருவர் எழுத வேண்டும்.

அரசியலுக்குக் கறுப்பு வெள்ளை வந்து சேர்ந்தது ஸ்டூடியோ வழியாக அல்ல, அச்சகம் வழியாக. லித் ஃபிலிம் என்ற ஒன்று இருந்தது. ஆஃப்செட் அச்சில் தட்டு எடுப்பதற்கு முன் படத்தை அந்த ஃபிலிமுக்கு மாற்றுவார்கள். அதுவும் சிவப்பு வெளிச்சத்தில் கையாளும் ஃபிலிம். அதன் குணம் வேறு: நடுவில் இருக்கும் சாம்பல் எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டு, கறுப்பு அல்லது வெள்ளை என்று இரண்டில் ஒன்றாக முடிவு சொல்லும். பெரியாரின் தாடி, மீசை, மூக்குக் கண்ணாடி. கண்ணாடிக்குப் பின்னால் கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நிழல். அவ்வளவு போதும், தமிழ்நாட்டில் எந்தச் சுவரிலும் அது பெரியார்தான். சே குவேராவை ஆல்பர்ட்டோ கோர்தா 1960 மார்ச்சில் எடுத்த படம், 1968இல் ஜிம் ஃபிட்ஸ்பாட்ரிக் கையில் சாம்பலை இழந்த பிறகே உலகச் சின்னமாயிற்று. மனிதர் சின்னமாக மாறும்போது முதலில் போவது சாம்பல்: கன்னத்தின் பள்ளம், சட்டையின் கசங்கல், பின்னால் நின்றவரின் தோள், எடுத்த நாளின் வெயில். இவை போனால்தான் படம் எங்கும் ஒட்டத் தக்கதாகிறது.

அச்சக லே-அவுட் மேசையில் இன்னொரு பழக்கமும் இருந்தது. தாளில் கோடு போட, அளவு குறிக்க, திருத்தம் எழுத வெளிர்நீலப் பென்சில் வைத்திருப்பார்கள். கேமராவுக்கு அந்த நீலமும் வெள்ளைத் தாளும் ஒன்றுதான். எத்தனை கோடு போட்டாலும் அச்சில் வராது. பக்கத்தைத் தாங்கிப் பிடிக்கும் அளவுகள் எல்லாம் நீலத்தில் இருக்கும், அச்சான பக்கத்தில் அதன் தடயம் இருக்காது. 1990களின் தொடக்கத்தில் 'நிறப்பிரிகை' போன்ற சிறுபத்திரிகைகள் தலித் அரசியலைத் தமிழில் விரிவாகப் பேசியபோது, அதையும் இதே கறுப்பு மையில்தான் படித்தோம். யார் கோட்டின் மேல் யாருடைய எழுத்து நிற்கிறது என்ற கேள்வி அந்தப் பக்கங்களில் இருந்தது. அன்றைய தஞ்சை மாவட்டத்தின் வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டு இறந்த 44 பேரும் செங்கொடிச் சங்கத்துக் குடும்பத்தினர்; தலித்துகள். அதற்கு முன் மிராசுதார்களோடு நடந்த தகராறில் கூலியோடு சேர்த்துக் கொடியும் இருந்தது. செங்கொடியை இறக்கு என்று மிராசுதார்கள் கேட்டார்கள். இறந்தவர்களை விவசாயக் கூலிகள் என்று மட்டும் எழுதிய வரலாறு ஒரு வகை ஃபிலிம்; தலித்துகள் என்று மட்டும் எழுதும் வரலாறு இன்னொரு வகை ஃபிலிம். இரண்டும் அதே குடிசையைத்தான் எடுத்திருக்கின்றன.

சாம்பல் போனால் என்ன இழக்கிறோம் என்பதை எனக்குக் கற்றுத் தந்த படம் ஒன்று உண்டு. 1983 ஜூலை, தமிழர்களுக்கு எதிரான கலவரம் நடந்த கொழும்பு பொரளை. சந்திரகுப்த அமரசிங்க எடுத்தது. ஆடை களையப்பட்ட ஒரு தமிழர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். சுற்றி இளைஞர்கள். எடுத்தவர் சிங்களவர், அந்தக் கூட்டத்தின் நடுவில் கேமராவை உயர்த்துவதே உயிரைப் பணயம் வைக்கிற காரியம். நாற்பது ஆண்டுகளாக ஒவ்வொரு ஜூலையிலும் இந்தப் படம் திரும்ப வருகிறது. சிறுவயதில் நான் பார்த்த சுவரொட்டிகளில் அது மூன்றாம் நான்காம் தலைமுறை நகல். உட்கார்ந்திருப்பவர் ஒரு வெள்ளைத் திட்டு, நிற்பவர்கள் கறுப்புத் திட்டுகள். துயரச் சின்னம் என்ற அளவில் அது வேலை செய்தது, கோபம் வந்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு நல்ல பிரிண்டிலிருந்து எடுத்த நகலைப் பார்த்தபோதுதான் நிற்பவர்களுக்கு முகம் இருப்பது தெரிந்தது. சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு முழுக்கச் சாம்பலில் இருக்கிறது. கறுப்பிலும் இல்லை, வெள்ளையிலும் இல்லை. சுவரொட்டி நமக்குத் துயரத்தைக் கொடுத்துவிட்டு, சாட்சியத்தை உரித்து எடுத்துவிட்டது. அந்த மனிதரின் அனுமதியில்லாமல் அவரது நிர்வாணத்தைத் தலைமுறை தலைமுறையாக ஒட்டிக்கொண்டிருக்கிறோம் என்ற உறுத்தலும் எனக்கு அந்தத் தெளிவான நகலைப் பார்த்தபோதுதான் வந்தது.

புதுக்கோட்டை மாவட்டத்தின் அண்மைக்காலச் சின்னம் வேங்கைவயல் தண்ணீர்த் தொட்டி. 2022 டிசம்பர் 26 அன்று, தலித் குடும்பங்கள் குடித்துவந்த மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கலந்திருப்பது தெரிந்தது. அதற்கு முன்பே குழந்தைகள் நோயில் விழுந்திருந்தார்கள். மாவட்ட ஆட்சியர் நேரில் வந்தபோது இரட்டைக் குவளையும் கோயிலுக்குள் விடாத வழக்கமும் சேர்ந்து வெளியே வந்தன. வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. 2025 ஜனவரியில் அதே ஊரைச் சேர்ந்த மூன்று தலித்துகள் மீதே குற்றப்பத்திரிகை தாக்கலானது. ஊர் மக்கள் அதை ஏற்கவில்லை. பாதிக்கப்பட்டவர்களையே குற்றவாளியாக்குகிறார்கள் என்று போராடினார்கள். நாம் கண்ட செய்திப் படங்களில் திரும்பத் திரும்ப வந்தது அந்தத் தொட்டி. தூண்களின் மேல் ஒரு கான்கிரீட் உருளை. தமிழ்நாட்டில் எந்த ஊராட்சியிலும் நிற்பது. படத்தில் மலம் தெரியாது, சாதி தெரியாது, குற்றவாளி தெரியமாட்டார். தெரிகிற ஒன்று கான்கிரீட்டின் சாம்பல். லித் ஃபிலிமில் போட்டால் அது ஒரு கறுப்பு உருவமாகும். தண்ணீர்த் தொட்டியா, காவல் கோபுரமா என்று சந்தேகம் வரும். அப்படிச் சுவரொட்டியாக்குவதை நான் விரும்பவில்லை. அந்தத் தொட்டியைச் சாம்பலின் அத்தனை படிகளோடும், கசிந்து காய்ந்த கறையோடும், பின்னணியில் ஊரும் சேரியும் பிரிந்து கிடக்கும் தூரத்தோடும் எடுக்க வேண்டும். இன்னும் தீராத வழக்கின் படம் அது. தீர்ப்பு வந்ததுபோல் கறுப்பு வெள்ளையாக அச்சாகக் கூடாது.

இதையெல்லாம் பேசிக்கொண்டிருந்த நண்பர் ஒருவர், இன்னும் ஃபிலிம் கேமராவை விடாதவர், கந்தர்வக்கோட்டைக்கு வந்தார். கேமராவில் பான்குரோமாட்டிக் கறுப்பு வெள்ளை ஃபிலிம். பையில் அழுத்தமான சிவப்பு ஃபில்டர் ஒன்று, நீல ஃபில்டர் ஒன்று. வேலை எளிது. ஒரே கொடிக்கம்ப வரிசையை, கேமராவை நகர்த்தாமல், முதலில் ஒரு ஃபில்டரிலும் பிறகு இன்னொன்றிலும் எடுப்பது. சிவப்பு ஃபில்டர் போட்டால் சிவப்பு வெளிச்சம் மட்டும் உள்ளே போகும். சிவப்புப் பொருள் வெளுக்கும், நீலம் கறுக்கும். நீல ஃபில்டர் ஏறக்குறைய டிரைப்பின் காகிதம் பார்த்த மாதிரியே பார்க்கும்.

டீக்கடை வாசலில் நின்ற பெரியவர் ஒருவர் ரொம்ப நேரம் கவனித்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "ஏன் தம்பி, கலர்ல எடுத்தா எந்தக் கட்சின்னு பாத்ததும் தெரிஞ்சிரும்ல. இதுல எப்படிக் கண்டுபிடிப்பீக?" நண்பர் சிவப்பு ஃபில்டரைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். அவர் அதைக் கண்ணுக்கு நேரே பிடித்து மார்க்சிஸ்ட் கொடியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அருவா சுத்தியலக் காணமே!" என்றார். சிவப்புத் துணியில் வெள்ளையாக இருக்கும் சின்னம், சிவப்பு ஃபில்டர் வழியாகப் பார்க்கும்போது துணியோடு கலந்துவிடும். இரண்டும் ஒரே வெளிச்சமாகத் தெரியும். பிறகு நீல ஃபில்டரை வாங்கிப் பார்த்தார். கொடி இருண்டு, அரிவாள் சுத்தியல் வெட்டி எடுத்த மாதிரி தெளிவாக நின்றது. அதையே பக்கத்தில் இருந்தவருக்குக் கொடுத்தார், அவர் இன்னொருவருக்கு. ஃபில்டர்கள் திரும்பக் கைக்கு வர நேரமாயிற்று.

நெகட்டிவைக் கழுவி பிரிண்ட் போட்டபோது எனக்கு அதிர்ச்சி தந்தது விடுதலைச் சிறுத்தைகள் கொடி. மேலே நீலம், கீழே சிவப்பு, நடுவில் இரண்டின் மேலும் படர்ந்த வெள்ளை நட்சத்திரம். சிவப்பு ஃபில்டரில் கீழ்ப்பாதி வெளுத்து நட்சத்திரத்தின் கீழ்ப்பாதியை விழுங்கிவிட்டது. மேல்பாதி கருத்த நீலத்தின் மேல் பளிச்சென்று. நீல ஃபில்டரில் நேர்மாறாக. எந்த ஒரு படத்திலும் முழு நட்சத்திரம் இல்லை. இரண்டு பிரிண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் ஐந்து முனையும் கிடைக்கிறது. பொய் எதிலும் இல்லை. ஒவ்வொன்றும் தனக்குத் தெரிந்த பாதியை நேர்மையாகக் காட்டுகிறது. 2021 செப்டம்பரில் சேலம் மாவட்டம் மோரூரில் இந்தக் கொடியை ஏற்றுவதை ஒட்டி மோதலும் தடியடியும் நடந்ததை நினைத்துக்கொண்டேன். ஒரு கொடி ஒரு தெருவுக்கு எப்படித் தெரிகிறது, அடுத்த தெருவுக்கு எப்படித் தெரிகிறது என்பதைக் கட்டுரையாக எழுத எனக்கு எத்தனையோ பக்கம் வேண்டும். அந்த இரண்டு பிரிண்டுகள் அதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டன.

புதுக்கோட்டைக்குத் திரும்பும் வழியில் ஓர் ஊர் முகப்பில் கூண்டுக்குள் அம்பேத்கர் சிலை. தமிழ்நாட்டில் இந்தக் கூண்டு நமக்குப் பழகிவிட்டது. சிலைக்குக் கம்பி போட்ட பிறகுதான் இரவு நிம்மதியாகத் தூங்க முடிகிறது என்று சொல்லும் நிர்வாகம், அந்தக் கம்பி எதை ஒப்புக்கொள்கிறது என்று யோசிப்பதில்லை. நீலக் கோட்டு. சிவப்பு ஃபில்டரில் கோட்டும் கம்பியும் ஒரே கறுப்பாகி, எது உடல் எது கூண்டு என்று பிரிக்க முடியவில்லை. பார்ப்பதற்குக் கம்பீரமான படம். பின்னால் வானமும் கருத்து, ஆன்செல் ஆடம்ஸ் 1927இல் ஹாஃப் டோம் மலையைச் சிவப்பு ஃபில்டரில் எடுத்தபோது வந்த மாதிரி ஒரு பெரும் இருட்டு. ஆனால் கூண்டு காணாமல் போயிற்று. நீல ஃபில்டரில் கோட்டு வெளுத்தது, கம்பிகள் ஒவ்வொன்றாகக் கறுப்புக் கோடுகளாக அதன் மேல் ஏறி நின்றன. முதல் படம் தலைவரின் படம். இரண்டாவது நம்முடைய படம். எனக்கு இரண்டாவது வேண்டும் என்று நண்பரிடம் உடனே சொன்னேன். அவர் இரண்டும் வேண்டும் என்றார். அவர் சொன்னதுதான் சரி என்று இப்போது படுகிறது. முதல் படத்தின் கம்பீரம் இல்லாமல் இரண்டாவதின் கம்பி அவ்வளவு உறுத்தாது.

கறுப்பு வெள்ளை என்றதும் தமிழ்நாட்டில் நினைவுக்கு வரும் இன்னொரு வகைப் படத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கிழவியின் முகச்சுருக்கம், பீடிப் புகைக்குள் ஒரு தாத்தா, வியர்வை மின்னும் கருத்த முதுகு. போட்டிகளில் பரிசு வாங்கும் படங்கள். கைப்பேசியில் ஒரு பொத்தானை அழுத்தினால் யாரும் இதைச் செய்யலாம். நிறத்தை எடுத்ததும் வறுமைக்கு ஒரு காலமற்ற தோற்றம் வந்துவிடுகிறது; அந்தப் பாட்டியின் சேலை என்ன நிறம், அவர் கையில் வைத்திருப்பது நூறு நாள் வேலைக்கான அட்டையா ரேஷன் பையா, பின்னால் சுவரில் எந்தக் கட்சியின் விளம்பரம் என்பதெல்லாம் போய்விடுகிறது. ஆளை இந்த ஆண்டிலிருந்தும் இந்தத் தொகுதியிலிருந்தும் பிடுங்கி எடுத்துக் கலையாக்குகிறார்கள். இது எனக்குக் கோபமூட்டுகிறது. வாடிப்பட்டியில் ஜெய்சிங் நாகேஸ்வரன் தன் குடும்பத்தையே எடுத்த படங்களையும், மலக்குழியில் இறந்தவர்களின் பிள்ளைகளைப் பற்றிப் பழனிக்குமார் 'நானும் ஒரு குழந்தை' என்று வைத்த கண்காட்சியையும் நினைத்துக்கொள்கிறேன். அந்தப் படங்களில் இருப்பவர்கள் ஒரு வீட்டில், ஒரு தெருவில், ஒரு வழக்கின் நடுவில் இருக்கிறார்கள். எடுப்பவர் தள்ளி நின்று ரசிக்கவில்லை.

1984 டிசம்பரில், யூனியன் கார்பைடு ஆலையின் விஷவாயு கசிந்த போபாலில், மண்ணுக்குள் போகும் ஒரு குழந்தையின் முகத்தை ரகு ராயும் பாப்லோ பார்த்தலோமியூவும் எடுத்தார்கள். ஒரே குழந்தை. ஒருவருடையது கறுப்பு வெள்ளை, மற்றவருடையது வண்ணம். வண்ணப் படம் அந்த ஆண்டின் உலகப் பத்திரிகைப் படப் பரிசைப் பெற்றது. கறுப்பு வெள்ளைப் படம் போராட்டங்களில் அதிகம் பிரயாணம் செய்தது என்பது என் எண்ணம். எது உண்மை என்று யாரும் கேட்டதில்லை. யூனியன் கார்பைடைப் பற்றிக் கேட்டார்கள்.

கந்தர்வக்கோட்டைப் படங்களை ஒரு சிறுபத்திரிகைக்குத் தரலாம் என்று நண்பர் நினைக்கிறார். தந்தால் ஜோடியாகவே தர வேண்டும்: சிவப்பு ஃபில்டரில் எடுத்தது இடது பக்கம், நீல ஃபில்டரில் எடுத்தது வலது பக்கம், இரண்டும் ஒரே அளவு. கீழே கவித்துவமான தலைப்பு எதுவும் வேண்டாம். ஊர், மாதம், ஃபிலிம், ஃபில்டர் இவ்வளவும் போதும், ஏனென்றால் எந்த நிறம் எங்கே போயிற்று என்பதைப் படிப்பவர் தாமே கணக்குப் போட அந்த விவரம் தேவை. கட்சிக்காரர்கள் யாராவது தங்கள் கொடி கறுப்பாக வந்த படத்தை மட்டும் கேட்டால் தரக் கூடாது. வெளுத்த படத்தோடு சேர்த்து வாங்கிக்கொள்ளட்டும். டீக்கடைக்கு ஒரு ஜோடி தனியாகப் போட்டுக் கொடுக்க வேண்டும், அந்தப் பெரியவர் கேட்டிருக்கிறார். ஆசிரியர், பக்கத்தில் ஒரு படத்துக்குத்தான் இடம் என்றால், அரைப் பக்கத்தை இரண்டாகப் பிரித்துச் சிறியதாகப் போடச் சொல்ல வேண்டும்.